ஏழு சாவிகளும் ஒரு பொட்டலமும்

ஒரே மனிதர் மீது மதிப்பும் கோபமும் ஒருங்கே தோன்றுவது அபூர்வம். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஃபில் மெக்ரா உடல் பருமனைப் பற்றி 2003-இல் வெளியிட்ட 'தி அல்டிமேட் வெயிட் சொல்யூஷன்' என்ற புத்தகம் எனக்கு அந்த அனுபவத்தைத் தந்தது. மதிப்பு, புத்தகத்துக்கு. கோபம், அதே காலத்தில் அவர் பெயரால் விற்ற ஒரு பொட்டலத்துக்கு.

மெக்ராவை ஊரறியச் செய்தது டெலிவிஷன். ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் பேசிப் பேர் வாங்கி, 2002-இல் தமக்கென்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 'டாக்டர் ஃபில்' என்ற அது 2023 வரை நடந்தது. தம்பதி சண்டை, அடங்காத பிள்ளை, ஏறிக்கொண்டே போகும் எடை எல்லாம் அங்கே விசாரணைக்கு வரும். சம்பந்தப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து, இதுவரை செய்ததில் என்ன பலன் கண்டீர்கள் என்கிற தோரணையில் கேட்பார். கண்ணீர் வரும். கைதட்டலும் வரும்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகியை அழ வைத்துவிட்டால், அவள் திருந்திவிட்டாள் என்று வாசகர் ஒப்புக்கொண்டு விடுவார். மறுநாள் காலையில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பதில்லை. பருமனின் கதையோ அந்த மறுநாள் காலையில்தான் ஆரம்பமாகிறது.

பேனாவைப் பிடித்த மெக்ராவுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. வெறும் மன உறுதியை நம்பி இறங்காதே என்கிறார். ஏழு சாவிகள் தருகிறார். எண்ணம், உணர்ச்சி பற்றிய முதல் இரண்டிலும் மேடைப் பிரசங்கத்தின் வாடை அதிகம். மூன்றாவதில் விஷயம் இருக்கிறது. கண்ணெதிரே தீனி இருந்தால் கை போகத்தான் செய்யும். ஆகவே மனத்தோடு மல்லுக்கு நிற்காமல் அலமாரியை மாற்று என்கிறார். ஐந்தாவது அதைவிட அருமை. தயாரிக்கவும் மெல்லவும் சிரமமும் நேரமும் கேட்கிற உணவாகப் பார்த்துச் சாப்பிடு. பிரித்த மாத்திரத்தில் விழுங்கக் கூடியதை விலக்கு. முருங்கைக்காயை யாராலும் அவசரமாகத் தின்றுவிட முடியாது. மெக்ராவின் கண்ணில் அது பட்டிருந்தால் தனி அத்தியாயமே எழுதியிருப்பார்!

ஆனால் அந்தச் சிரமம் யார் தலையில் விழும்? பெரும்பாலும், வேலைக்கும் போய்விட்டு வந்து அடுப்படியில் நிற்கிற ஒரு பெண்ணின் தலையில். குடும்பத்தைப் பற்றி அவர் 2004-இல் தனியாக எழுதிய 'ஃபேமிலி ஃபர்ஸ்ட்' என்ற புத்தகம், இல்லற வாழ்வுக்கு ஒரு லயம் வேண்டும் என்கிறது. உண்மைதான். தாளம் போட்டுக் கை வலிப்பது யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி அந்தப் பொட்டலம். 'ஷேப் அப்' என்ற பெயரில் சத்துக் கட்டிகள், பானங்கள், மாத்திரைகள் அவருடைய பெயரையும் படத்தையும் தாங்கிக் கடைக்கு வந்தன. கட்டியைப் பிரித்தால் நாலு கடியில் தீர்ந்துவிடும். ஐந்தாவது சாவி எதைத் தொடாதே என்றதோ, அதே ஜாதி! பழக்கத்தை மாற்றிக்கொள்ளவே உள்ளிருக்கும் சரக்கு உதவும் என்ற பாவனையில் மேலே வாசகம் வேறு. பழக்கம் அலமாரியில் இருக்கிறது என்று புத்தகம். மாத்திரையில் இருக்கிறது என்று பொட்டலம். அமெரிக்க மத்திய வர்த்தக கமிஷன் விசாரிக்கத் தொடங்கியது. 2004-இல் சரக்கு கடையை விட்டுப் போயிற்று. வாங்கி ஏமாந்தோம் என்று சிலர் தொடுத்த வழக்கு 2006-இல் 1 கோடியே 5 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

ஆசிரியர் வேறு, வியாபாரி வேறு என்று ஒரு சிநேகிதர் வாதாடினார். எழுத்தாளன் வீட்டில் எப்படி இருந்தால் என்ன, எழுத்தைப் பார் என்பது நம் கட்சிதானே என்று மடக்கவும் செய்தார். என் நாவலைப் படித்து யாரும் பத்தியம் இருப்பதில்லை. இவருடைய புத்தகத்தை நம்பி ஒருத்தி தன் சமையலறையையே ஒழித்துப் போடுகிறாள்; அப்படி ஒழித்த அலமாரியில் வைக்கத்தான் அந்தக் கட்டிகளை அவளிடம் விற்றார்கள்.

ஐந்தாவது சாவியை நான் இன்றும் பலருக்குச் சொல்லி வருகிறேன். யார் சொன்னது என்று அவர்கள் கேட்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.