நள்ளிரவின் மணியோசை: ஓர் அறிவியற் புனைவு ஒலிநாடகம் பற்றிய நோக்கு

அறிவியற் புனைவு என்றதும் விண்கலங்களையும் வேற்றுக்கிரக வாசிகளையுமே நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதன் காரணமாக இவ்வகைப் படைப்புகளைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் போக்கும் இலக்கிய மாணவரிடத்துக் காணப்படுகின்றது. மனித உறவுகளையும் சமூக முரண்பாடுகளையும் ஆராய்வதற்கு யதார்த்த நெறியே ஏற்றது, காலப் பயணமும் வேற்றுப் பரிமாணங்களும் உண்மையிலிருந்து தப்பியோடுவதற்கான வழிகளே என்பது இப்போக்கின் அடிப்படை வாதமாகும். இவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஒரு தனி நாடகத்தைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். றொபேட் ஷியர்மன் எழுதி, பிரித்தானியாவின் பிக் பினிஷ் நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த சைம்ஸ் ஒவ் மிட்நைற்' என்னும் ஒலிநாடகமே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

நாடகத்தின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவது பயனுடைத்து. 1963 இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான 'டொக்டர் ஹூ' தொடர், காலத்திலும் வெளியிலும் பயணஞ்செய்யும் ஒருவனைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டது. 1989 இல் தொடர் நின்றுபோக, 1999 முதல் பிக் பினிஷ் நிறுவனம் அதனை ஒலிநாடகமாக வளர்த்தெடுத்தது. 1996 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்திலே டொக்டராகத் தோன்றிய போல் மக்கான், 2001 முதல் இவ்வொலிநாடகங்களில் அப்பாத்திரத்தைத் தொடர்ந்தார். அவருடைய துணையாக வரும் சார்லி பொலார்ட் (குரல்: இந்தியா பிஷர்) செல்வக் குடும்பத்து இளம்பெண். 1930 ஒக்டோபர் 5 ஆந் திகதி பிரான்சில் வீழ்ந்து எரிந்து 48 பேரைப் பலிகொண்ட ஆர் 101 வான்கப்பலிலே அவளும் இறந்திருக்க வேண்டியவள் என்பது கதை. டொக்டர் அவளைக் காப்பாற்றிவிடுகின்றார். இறந்திருக்க வேண்டியவள் உயிரோடிருக்கின்றாள் என்ற இந்த முரணே பின்வரும் நாடகத்தின் வித்தாகும்.

நாடகம் நிகழும் காலம் 1906 ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவு; இடம் ஒரு பெரிய இங்கிலாந்து வீட்டின் பணியாளர் பகுதி. டொக்டரும் சார்லியும் இருட்டிலே வந்து சேர்கின்றனர். உடைந்த ஜாம் போத்தல் தானே பொருந்திக்கொள்கின்றது. தூசியில் எழுதியது மறைந்துவிடுகின்றது. கடிகாரம் பத்து அடிக்கின்றது. பாத்திரம் துலக்கும் பணிப்பெண் எடித், கழுவுதொட்டி நீரில் மூழ்கி இறந்து கிடக்கின்றாள். ஏனைய பணியாளரோ அதனைத் தற்கொலையென்று சொல்லி அமைதியடைகின்றனர். அவளுடைய மரணம் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. அடுத்து சமையற்காரி திருமதி பாடெலி தனது பிளம் புடிங்கினாலேயே மூச்சடைத்து இறக்கின்றாள். நள்ளிரவு அடித்ததும் காலம் பின்னோக்கித் திரும்பிவிடுகின்றது; இறந்தவர் எழுகின்றனர்; மீண்டும் பத்து மணி; மீண்டும் மரணம்.

இந்நாடகத்தின் முதற்சிறப்பு, உருவத்தை உள்ளடக்கத்தோடு பிரிக்கவியலாதவாறு இணைத்தமையாகும். ஒலிநாடகத்திற்குக் கண் இல்லை என்பது ஒரு குறையாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஷியர்மன் அக்குறையையே கருவியாக்குகின்றார். இருட்டிலே தடவிச் செல்லும் இருவரும் கேட்போனும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றனர். கடிகாரத்தின் மணியோசை காட்சிகளைப் பிரிக்கும் வெறுங்குறியாக நில்லாது, கதையின் விதியாகவே ஒலிக்கின்றது. பணியாளர் ஒரே சொற்களை ஒரே தொனியில் மீளவும் மீளவும் உரைப்பது அச்சிலே சலிப்பூட்டக்கூடும். செவியிலோ அது முதலில் நகைப்பையும், அடுத்துச் சடங்கின் தன்மையையும், ஈற்றில் அச்சத்தையும் தருகின்றது. நகை அச்சமாக மாறும் இந்நுட்பம் நாடகாசிரியரின் மெய்ப்பாட்டு உணர்வுக்குத் தக்க சான்று.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட மரபிலே பயின்ற நமக்கு, அம்முதற்பொருளையே குலைத்துவிடும் படைப்பு எதனைச் சாதிக்கின்றது என்ற வினா எழுவது இயல்பே. இங்குப் பொழுது குலைவது வியப்பூட்டுவதற்காக அன்று. ஒரு பணிப்பெண்ணின் நாள் எவ்வாறு அமைந்திருந்தது? இன்று துலக்கிய பாத்திரத்தை நாளையும் துலக்க வேண்டும். முன்னேற்றமோ முடிவோ அதற்கில்லை. இரண்டு மணிநேரம் சுழன்று சுழன்று திரும்பும் காலம், உழைப்பவரின் காலத்துக்குத் தீட்டப்பட்ட உருவகமாகின்றது. மரணங்களின் தன்மையும் இதனையே உணர்த்தும்: பாத்திரம் துலக்குபவளைக் கழுவுதொட்டி கொல்கின்றது, சமைப்பவளைச் சமைத்த பண்டம் கொல்கின்றது. தொழில் மனிதரை விழுங்கிவிடும் நிலையை இதனிலும் நேரடியாகச் சொல்லுதல் அரிது. தான் ஒன்றுமில்லாதவள், யாருமில்லாதவள் என்று எடித் பலமுறை கூறுவது தாழ்வுணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமன்று. அவ்வீட்டின் ஒழுங்கு அவளுக்குக் கற்பித்த பாடமே அது. எசமானர் நாடகத்தில் ஒருபோதும் தோன்றுவதில்லை. ஆயினும் அவர்களுடைய ஒழுங்கு பணியாளரின் நாவிலே வாழ்கின்றது. தமக்குக் கீழ்ப்பட்ட எடித்தை இழிவுசெய்வதன் மூலமே ஏனையோர் தத்தம் படியைக் காத்துக்கொள்கின்றனர்.

பாத்திரங்களின் பெயர்களும் நோக்கத்தக்கவை. 1971 முதல் 1975 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியிற் பெரும் செல்வாக்குப் பெற்ற 'அப்ஸ்ரெயர்ஸ், டவுன்ஸ்ரெயர்ஸ்' தொடரிலே சமையற்காரியாக நடித்தவர் ஏஞ்சலா பாடெலி. அதன் கதைப் பதிப்பாளர் அல்பிரட் ஷோனெசி. இந்நாடகத்தின் சமையற்காரி பாடெலி, பட்லர் ஷோனெசி. பழைய பெருவீடுகளையும் விசுவாசமிக்க பணியாளரையும் ஏக்கத்தோடு மீட்டுப் பார்க்கும் ஒரு மரபை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. மீளமீள அதே வீட்டுக்குத் திரும்ப விரும்பும் அவ்வேக்கத்தையே ஷியர்மன் திகிற்கதையாக மாற்றியுள்ளார் எனலாம். கேட்போனுக்கு இனிமையாக இருக்கும் மீட்சி, உள்ளே அகப்பட்டவர்க்குச் சிறையாகும்.

மர்மம் அவிழுமிடத்திற் கதை மேலும் ஆழமடைகின்றது. எட்வர்ட் குரோவ் என்பது ஓர் ஆளின் பெயரன்று, அது அவ்வீடேயாகும். வீடு உயிர்பெற்றுவிட்டது. எடித் பிற்காலத்திலே பொலார்ட் குடும்பத்தின் சமையற்காரியானவள். தன்னிடம் அன்பு காட்டிய சார்லி 1930 இல் இறந்தாள் என்ற செய்தி கேட்டுத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள். சார்லி இறக்கவில்லையெனின் அம்மரணத்துக்குக் காரணமில்லை. ஆயினும் மரணம் நிகழ்ந்துள்ளது. இந்த இடைவெளியிலேதான் வீடு உயிர்வாழ்கின்றது. செல்வர் மகளொருத்தியின் உயிரைக் காத்ததற்கான விலையைப் பணிப்பெண்ணொருத்தி முடிவின்றிச் செலுத்துகின்றாள் என்பதே இதன் பொருள். காலப் பயணக் கதைகளின் வழக்கமான புதிர் இங்கு ஓர் அறவினாவாகிவிடுகின்றது.

ஆனால் இவ்வினாவுக்கு நாடகம் தரும் விடை முழுநிறைவானதன்று. தான் யாருமில்லாதவள் அல்லள் என்பதை எடித் உணர்ந்து வாழத் துணிவதால் சுழற்சி அறுகின்றது. கடிகாரம் நள்ளிரவைக் கடக்கின்றது. அத்துணிவு அவளுடையதே என்று நாடகத்தை ஆதரிப்போர் வாதிடுவர். அதில் உண்மையுண்டு. எனினும் அவளுக்கு மதிப்புண்டென்று எடுத்துரைப்போர் யாவர்? காலத்தை ஆளும் ஒருவரும், அவள் ஊழியஞ்செய்த வீட்டின் மகளுமே. ஓர் எசமானியின் சிறு கனிவிலே வாழ்க்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தமை கொடுமை. நாடகமோ அதனை மென்மையான அன்பாகவே காட்டிச் செல்கின்றது. ஏனைய பணியாளர் தம்முள் ஒருவரையொருவர் மனிதராக ஏற்கும் கணம் ஒன்றேனும் அமைந்திருப்பின் முடிவு வலுப்பெற்றிருக்கும். நோயைச் சமூகத்திலே கண்டறிந்த ஆசிரியர் மருந்தைத் தனிமனித ஆறுதலிலே தேடுகின்றார்.

இக்குறை நாடகத்தின் பெறுமதியை அழித்துவிடவில்லை. யதார்த்த நாடகம் எடித்தின் ஒரு நாளைக் காட்டி நம் இரக்கத்தைப் பெறக்கூடும். அந்நாள் முடிவதேயில்லை என்பதைச் செவிவழியே அனுபவிக்கச் செய்தது புனைவுநெறியே. வேற்றுப் பரிமாணம் விண்ணுக்கப்பால் மட்டும் இருப்பதன்று. ஒரே கூரையின் கீழ், மேல்மாடியார் அறியாத சமையலறையிலும் அது இருக்கக்கூடும். உண்மையிலிருந்து தப்பியோடுவதா, உண்மைக்குள் மற்றொரு வாயிலாற் புகுவதா என்பதைத் தீர்மானிப்பது நெறியன்று. அந்நெறியைக் கையாள்பவனின் பார்வையே. அறிவியற் புனைவை நமது ஆய்வு எல்லைக்குள் கொண்டுவருவோர், அதன் அறிவியலைச் சோதிப்பதற்கு முன்னர், அது யாருடைய காலத்தைப் பற்றிப் பேசுகின்றது என்று வினவுதல் வேண்டும்.