மணவறைக்கு இரண்டாம் விளக்கு

சில வருஷங்களுக்கு முன்பு தஞ்சை ஜில்லாவில் நடந்த ஒரு விவாகத்தில், கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்க, மற்ற இரண்டு முடிச்சுகளையும் போடுவதற்காக அவருடைய சகோதரி மணப்பெண்ணின் பின்னால் குனிந்த அந்த க்ஷணத்தில், விடியற்காலை 4 மணி முதல் ஓய்வின்றி உழைத்த உஷ்ணம் தாங்காமல், என் காமிராவின் மேலிருந்த ஒரே பிளாஷ் எரியாமல் நின்றுவிட்டது. குற்றம் கருவியினுடையதன்று, ஒன்றையே நம்பிச் சென்ற என்னுடையது. நாத்தனார் முடிச்சில்லாத ஆல்பத்தைக் கொடுத்தபோது அந்தக் குடும்பத்தார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் முடிச்சுப் போட்ட அந்த அம்மாள் இரண்டு முறை பக்கங்களைப் புரட்டித் தேடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது பிளாஷ் வாங்க உத்தேசிக்கும் இளைஞர்கள் பலர், எது அதிகப் பிரகாசம், எது மலிவு என்ற இரண்டையே விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று என்பது என் அபிப்பிராயம்: முகூர்த்த வேளையில் முதல் பிளாஷ் கைவிட்டால், இந்த இரண்டாவது உடனே காமிராவின் மேல் ஏறி அதன் வேலையை அப்படியே செய்யுமா? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, சென்ற தை மாதத்து முகூர்த்தங்களில் மூன்று பிளாஷ்களை மாற்றி மாற்றி உபயோகித்துப் பார்த்தேன்.

இரண்டாம் விளக்கு ஆபத்துக் காலத்திற்கு மாத்திரம் உதவுவதன்று. வெள்ளையடித்த தாழ்ந்த கூரையுள்ள வீட்டில் பிளாஷின் தலையை மேலே திருப்பி அடித்தால் ஒளி கூரையில் மோதி மிருதுவாக இறங்கும். மண்டபங்களிலோ கூரை 20 அடிக்கு மேல் இருக்க, தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்ற இயற்கை நியதிப்படி, மேலே போய்த் திரும்பும் பிரயாணத்திலேயே அதன் சக்தியெல்லாம் கரைந்துவிடுகிறது. கூரைக்குக் கீழே சிவப்புத் துணி கட்டியிருந்தால், திரும்பி வரும் அந்தச் சொற்ப ஒளியும் எல்லோர் முகத்திலும் சிவப்பைப் பூசிவிடும். சரியென்று நேராகவே அடித்தால், வேறொரு சங்கடம் நேர்கிறது: ஹோமப் புகை முன்னிருந்து வரும் ஒளியைத் திருப்பி லென்ஸுக்குள்ளேயே அனுப்பிப் படம் முழுவதையும் வெளிறச் செய்கிறது. அதே புகைக்குப் பின்னால், மணவறையின் ஒரு மூலையில், 7 அடி உயரத்தில், எட்டில் ஒரு பங்கு சக்தியில் இன்னொரு பிளாஷை நிறுத்திப் பாருங்கள். வெளிறச் செய்த அந்தப் புகையே சுருள் சுருளாக எழுந்து நிற்கும் அழகும், கூறைப்புடவையின் ஜரிகை விளிம்பு பொன்கோடாக ஓடுவதும், மணப்பெண்ணின் தலையிலுள்ள மல்லிகை தனித்தனி மலராகத் தெரிவதும், பெரியவர்கள் தூவிய அக்ஷதை அந்தரத்தில் அப்படியே நிலைத்து நிற்பதும், ஒரு விளக்கினால் ஒருக்காலும் கிட்டாத காட்சிகள். அக்ஷதை உறைந்து நிற்பதற்குக் காரணம், சக்தியைக் குறைக்கக் குறைக்க இவ்வகைப் பிளாஷின் ஒளி நீடிக்கும் நேரமும் குறுகிக்கொண்டே போவதுதான். தலைமேல் பால்கனியிலிருந்து பூ தூவும் கல்யாணங்களில் இந்த லாபம் இன்னும் அதிகம்.

இனி மூன்று கருவிகள். என்னிடம் முதல் பிளாஷாக இருப்பது உருண்டைத் தலையுள்ள கோடாக்ஸ் வி1. 76 வாட்-செகண்டு சக்தியும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் உள்ளது. ஆகையால் அந்த ரேடியோவின் பாஷையை அறிந்தவற்றிலிருந்தே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கத் தீர்மானித்தேன்.

மூன்றில் விலை குறைந்தது டிடி600. ஸ்டாண்டின் மேல் நிற்கும்வரை அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடுகிறது, காமிராவின் அருகிலிருந்தே அதன் சக்தியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அது முழுக்க மேனுவல் பிளாஷ். அதன் பாதத்தில் ஒரே ஒரு தொடர்பு முனைதான் உண்டு. காமிராவும் பிளாஷும் கலந்து பேசி ஒளியை அளந்துகொள்ளும் டிடிஎல் வசதி இல்லாமையால், 4 அடியில் நிற்கும் மணப்பெண்ணையும், அடுத்த நொடியில் 12 அடியில் ஆரத்தித் தட்டுடன் வருபவர்களையும் மாறி மாறி எடுக்கும் பரபரப்பில், அதை மேலே பொருத்திக்கொண்டவர் ஒவ்வொரு படத்துக்கும் கையால் கணக்குப் போட வேண்டியிருக்கும். என் கேள்விக்கு அது பாதி விடைதான்.

ஏடி200 புரோவைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் இந்த மூன்றில் ஒளியின் அழகை மாத்திரம் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் அதுவே முதலில் நிற்கும். 200 வாட்-செகண்டு என்பது சாதாரண பிளாஷைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணாடித் தலையைக் கழற்றிவிட்டு வெற்று பல்புத் தலையை மாட்டி, ஒரு குடைக்குள் அடித்தால், ஒளி குடை முழுவதும் நிறைந்து பரவுகிறது. நான்கு தலைமுறையும் கூடி நிற்கும் ரிசெப்ஷன் மேடைப் படங்களை அதைக் கொண்டு எடுத்த திருப்தியை வேறெதிலும் நான் அடையவில்லை. எனினும் அது காமிராவின் மேல் ஏறவே ஏறாது. அதற்கான பாதமே அதில் இல்லை. அதன் பேட்டரியும் வேறு, சார்ஜரும் வேறு. மூன்றாவது விளக்காக அதை வாங்குபவரை நான் மனமார வாழ்த்துவேன்.

ஆகவே நான் வாங்கியது வி860-இன் மூன்றாம் பதிப்பு. சக்தியும் 76 வாட்-செகண்டு, டிடிஎல்லும் உண்டு. எல்லாவற்றையும் விட விசேஷமாக, வி1-க்குப் போடும் அதே லித்தியம் பேட்டரியே இதற்கும் பொருந்துகிறது. ஒரு பேட்டரிக்கு முழுச் சக்தியில் 480 முறை என்பது தயாரிப்பாளர் கணக்கு. எட்டில் ஒரு பங்கில் அடிக்கும் மூலை விளக்குக்கு அது பன்மடங்கு நீளுமாதலால், இரண்டு பிளாஷுக்கும் சேர்த்து மூன்று பேட்டரிகளே எனக்கு ஜானவாசம் முதல் மறுநாள் பந்திவரை போதுமானவையாக இருந்தன. ஒரு கல்யாணத்தில் ஊஞ்சல் நடந்துகொண்டிருக்கையில் வேண்டுமென்றே இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன். பாட்டு ஒரு அடி முடிவதற்குள் வேலை முடிந்தது, படங்களில் வித்தியாசம் எனக்கே தெரியவில்லை. இதன் நீள்சதுரத் தலை 200 மில்லிமீட்டர்வரை ஒளியைக் குவிப்பதால், பின்மூலையிலிருந்து தம்பதிகள்மேல் மாத்திரம் ஒளியை விழச்செய்து, சுற்றி நிற்கும் உறவினர்களை விட்டுவிடவும் முடிகிறது. வி1-இன் காந்தத்தில் ஒட்டும் வட்ட உபகரணங்களை இதில் பொருத்த ஒரு தனி வளையம் தேவை. நான் அதை வாங்காமல், மஞ்சள் சீரியல் பல்புகளுக்கு ஒத்துப்போகும் வண்ணத் தாளை வெட்டி டேப்பினால் ஒட்டிக்கொள்கிறேன்.

வாங்கியபின் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டாரின் போட்டோகிராபரும் அதே கம்பெனி ட்ரிகர் வைத்திருந்து, இருவரும் கடையில் வந்த அதே சானலில் விட்டிருந்தால், அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நம்முடைய விளக்கு எரியும். நாம் அழுத்தும் வேளையில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் அவரிடம் சென்று, "அண்ணே, நீங்க எந்தச் சானல்?" என்று விசாரித்து, நம்முடையதையும் அதற்குரிய ஐடி எண்ணையும் மாற்றிக்கொள்ள அரை நிமிஷம் போதும். ஸ்டாண்டைப் பிடிக்கும் உதவியாளரையும் முதலிலேயே பழக்க வேண்டும். தாலி கட்டும் நெருக்கத்தில் ஆளில்லாத ஸ்டாண்டு குழந்தைகள்மேல் விழக்கூடும் என்பதால், அவர் அதை விட்டு ஓரடி கூட நகரலாகாது.

பழைய சரக்காக வாங்குபவர்கள் மாடல் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும்: சி கேனனுக்கு, என் நிக்கானுக்கு, எஸ் சோனிக்கு. ரேடியோவில் தூரத்தில் நின்று எரிவதற்கு எந்த எழுத்தானாலும் சம்மதமே. ஆகவே கடையில் பரீட்சித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். காமிராவின் மேல் ஏற்றி டிடிஎல்லில் அடிக்கும்போதுதான் பேதம் வெளிப்படும். ஆகையால் உங்கள் காமிராவையே கையோடு கொண்டுபோய், அதன் மேல் மாட்டி, வாசலில் நிற்கும் யாரையாவது இரண்டு தூரங்களில் எடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.