விறகைத் தள்ளிவிடு

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை முதலில் படித்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 1988இல் வந்த தொகுப்பு, என் கைக்குப் பின்னட்டை கிழிந்த நூலகப் பிரதியாகக் கிடைத்தது. படித்த சூட்டில் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு. அதன் கோடியில், போனால் போகிறதென்று ஒட்டவைத்ததுபோல ஒரு சமையலறை. ஜன்னலைப் பெரிதாக்கலாமே என்று கேட்கிறாள் தெற்கத்தி மருமகள் மீனாட்சி. ஜன்னல் பெரிதாகவில்லை, மலையை மறைத்துத் துணிக்கொடிகள் வருகின்றன. அம்மா தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “ஜன்னல் சரி. அடுப்ப யாரு பாத்துக்குனாங்க?” என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள்.

அப்போது அந்தக் கேள்வி எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. கதையில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது பெண்கள்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது? பருவத் தேர்வில் அந்தக் கதையைப் பற்றிச் சமையலறை ஒரு சிறை என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இன்றும் மாணவிகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். எழுதிய எனக்கே இப்போது அது போதவில்லை.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். ஒடுங்கி நீண்ட நெசவாளர் வீடு. வெளிச்சம் விழும் கூடம் தறிக்கு. அடுப்பு பின்கட்டில், முற்றத்தை ஒட்டி. அந்த வகையில் அம்பை சொன்ன வீடுதான். ஆனால் அம்மாவை அந்த மூலையில் யாரும் அடைத்துவைக்கவில்லை. அவள் நாள் முழுக்கக் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மண்ணால் போட்ட கொடியடுப்பு. காலையில் சாம்பலை வாரி, தென்னம்பாளைச் சீவலும் பன்னாடையும் வைத்துப் பற்றவைத்து, மேலே சுள்ளி. சுள்ளி பிடித்தபின் மூன்று சவுக்குக் கட்டைகள், முனைகள் ஒன்றையொன்று தொட, அடியில் காற்றுப் போக இடம் விட்டு. சவுக்கு வாங்கக் காசில்லாதபோது வேலிகாத்தான். அவசரப்பட்டு நாலாவது கட்டையைச் செருகினால் காற்று அடைத்துப் புகைதான் வரும். முனை எரிந்து தீர்ந்ததும் கட்டையை உள்ளே தள்ள வேண்டும். உலை கொதித்ததும் வெளியே இழுத்துத் தணிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தீ வாய்ப்பக்கம் வந்து வெளியே எரியும், இல்லையென்றால் அணைந்துவிடும், மறுபடி ஊதுகுழல். ஐப்பசி மழையில் ஈர விறகை அடுப்பின் பக்கத்திலேயே அடுக்கிக் காயவைப்பாள். ஒருநாள் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். சோறும் குழம்பும் ஆவதற்குள் 17 தடவை எழுந்து போனாள். ஒவ்வொரு தடவையும் தார் பாதியில் நின்றது. ஊடை தீர்ந்துபோனால் அப்பா தறியிலிருந்து குரல் கொடுப்பார். எந்தக் குரலுக்கு முதலில் போவது என்பதுதான் அவளுடைய நாள்.

அதனால்தான் அவளுக்கு மரத்தூள் அடுப்பு பிடித்திருந்தது. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, பக்கத் துளையில் ஒரு கழியைச் செருகி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்து நிரப்பி, இரண்டையும் பதமாகத் திருகி உருவ வேண்டும். இரவே செய்து வைத்துவிடுவாள். பற்றவைத்தால் இரண்டு மணி நேரத்துக்குத் தள்ள வேண்டாம், ஊத வேண்டாம். நடுவில் தூள் சேர்க்கவும் முடியாது. தெருவில் பாவு நீட்டும் நாட்களில், அதற்குப் போடும் அரிசிக் கஞ்சி வேகும்போது, அது ஒன்றே அவளை விட்டுவைத்தது. புகைந்தது. கண் எரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கத் தேவையில்லாத இரண்டு மணி நேரம்!

அம்பையின் கண் இடத்தின் மீது இருக்கிறது. எங்கே நிற்கிறாள், எதைப் பார்க்க முடிகிறது, யார் மறைக்கிறார்கள். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அறையை விட்டு வெளியே வரலாம், எரிகிற விறகை விட்டு வர முடியாது. கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அம்மாவின் ஒரு காது அடுப்பில் இருந்தது. நம் விமர்சனம் கதவையும் ஜன்னலையும் எண்ணியது, எழுந்து போன தடவைகளை எண்ணவில்லை.

ஒன்றில் மட்டும் கதை என்னைவிட அம்மாவை நன்றாக அறிந்திருக்கிறது. ஜீஜிக்குச் சமையலறைதான் அதிகாரம். அம்மாவும் அவள் அடுப்பில் என்னைக் கை வைக்க விட்டதில்லை. கட்டையை ஒரு விரல் நகர்த்தினாலும் “உனக்குத் தெரியாது, தள்ளு” என்பாள். படிக்க விட்டாளா, பதவியை விட மனமில்லையா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அரசாங்கத்தின் கண்ணில் பட்டது புகை. 1983இல் மேம்படுத்திய அடுப்புக்கென்று தேசியத் திட்டம் வந்தது, 2002இல் முடிந்தது. ஒடிசாவில் புகைபோக்கி அடுப்புகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும். முதல் ஆண்டில் சுவாசித்த புகை குறைந்தது, பிறகு அந்தப் பலன் மறைந்தது. ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்பது காரணம். ‘பராமரிக்கவில்லை’ என்ற வினைக்கு எழுவாயைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே 17 தடவை எழுந்தவள் புகைபோக்கியையும் துடைக்க வேண்டும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நுரையீரலுக்குக் கணக்கு இருக்கிறது. நேரத்துக்கு?

வேறு அடுப்புகளுக்குப் புகழ் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டியது அணையா அடுப்பு. எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் மூங்கில் குடலையில் அவியும் இட்லிக்கு ஊரே பெயர். அங்கே தீயைக் காப்பவர்கள் ஆண்கள், அது கைங்கரியம். வீட்டில் அதே வேலைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக் கூலிப் புத்தகத்தில் புடவைக் கணக்கு அப்பா பெயரில் இருந்தது. பாவு குடித்த கஞ்சிக்கு அதில் வரி இல்லை.

2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது, பத்தாண்டுக்குள் மத்திய அரசின் உஜ்வலா. உஜ்வலா வீடுகள் சராசரியாக ஆண்டுக்கு நான்கு உருளைகூட வாங்கவில்லை என்று 2019இல் தணிக்கை அறிக்கையே சொன்னது. எங்கள் வீட்டிலும் காபி, பால், விருந்தாளி என்றால் எரிவாயு. சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு. உருளை தீர்ந்துவிடுமே என்ற கவலையில் அம்மா சிம்மில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பாள். திருகினால் எரியும் அடுப்பையும் அவள் காவல் காத்தாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கதையை முழுதாக வாசித்துக் காட்டினேன். இப்போது தார் சுற்றுவதில்லை, இருமல் இருக்கிறது. பின்கட்டில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நான்கு தடவை எழுந்து போனாள். ஒவ்வொரு தடவையும் நான் விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும், “ம், சொல்லு” என்றாள்.