ஏவியார் பட்டர்: நேராக எறிந்தால் நேராகப் போகும்

இன்னோவா என்றதும் கார் நினைவுக்கு வரும். இது வேறு: கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிஸ்க் கோல்ஃப் கம்பெனி. அந்த விளையாட்டில் குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. கூடையை நெருங்கியதும் எடுக்கும் தட்டுதான் பட்டர். 1980களிலிருந்து விற்பனையில் இருக்கும் இன்னோவாவின் பட்டர் ஏவியாரைத்தான் இப்போது எறிந்து பார்த்திருக்கிறேன். விலை குறைந்த டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில்.

இது பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள் 2, 3, 0, 1. முதல் இரண்டும் வேகமும் மிதப்பும். நமக்கு வேண்டியது கடைசி இரண்டு. வலது கையால் பேக்ஹேண்ட் எறிபவருக்கு, வேகமாகப் போகும்போது தட்டு வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது மூன்றாவது. வேகம் தணிந்தபின் இடப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது நான்காவது. அதாவது, ஏவியார் நடுவழியில் திரும்பாது, முடிவில் லேசாக இடப்பக்கம் இறங்கும்.

இதெல்லாம் ஒழுங்காக எறிந்தால்தான். முன்விளிம்பு துளி மேலே தூக்கியிருந்தாலும் தட்டு ஏறி, நின்று, இடப்பக்கம் சரிந்து விழுகிறது. பெரும்பாலோர் "டிஸ்க் சரியில்லை" என்று வேறு வாங்கப் போவது இங்கேதான். கட்டைவிரலை மேலே அழுத்தி, முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தி, சுழற்சி கொடுத்து விட்டபோது, அதே தட்டு தண்டவாளத்தில் வைத்ததுபோல் போனது. சுழற்சி குறைந்தால் தள்ளாட்டம் கண்ணுக்கே தெரிகிறது. தூரம் எறிய எடுக்கும் வேகமான டிரைவர் தட்டுகள் மறைத்துவிடும் கைக்குற்றத்தை இது அப்படியே காட்டிக்கொடுக்கிறது. பழகுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

எதிர்க்காற்றில் கொஞ்சம் உஷார். தட்டுக்கு அது கூடுதல் வேகம் போலத்தான். பலமாக எறிந்தால் வலப்பக்கம் கவிழப் பார்க்கிறது. காற்றுள்ள திடலில் ஆடுபவர்கள் விளிம்பின் அடியில் புடைப்பு உள்ள கேசி புரோ ஏவியாரை எடுக்கலாம். 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயர் தாங்கிய தட்டு அது. ஆனால் சின்ன கைக்கு அந்தப் புடைப்பு உறுத்தும்.

டிஎக்ஸ் பிடிமானம் அருமை. சங்கிலியில் பட்டால் நன்றாகத் தங்குகிறது. மரத்தில் அடித்தால் விளிம்பு நசுங்கும், நாளடைவில் வலப்பக்கம் திரும்பும் குணமும் கூடும். சாம்பியன் பிளாஸ்டிக் அதிகம் உழைக்கும், விலை அதிகம், விரலில் வழுக்கவும் செய்யும். பட்டருக்கு அது வேண்டாம் என்பேன்.

எடை விஷயத்தில் டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அதிகபட்சம் 8.3 கிராம், ஏவியாருக்கு அது 175 கிராமை ஒட்டி வரும். 170க்கு மேல் எடுங்கள், காற்று அவ்வளவாக அலைக்கழிக்காது. ஒரே எடையில், ஒரே பிளாஸ்டிக்கில் இரண்டாக வாங்குங்கள்: ஒன்று கூடைக்கு 10 மீட்டருக்குள் போட மட்டும், மற்றது தூரத்திலிருந்து எறிந்து தேய்க்க.