முயல்குட்டி தின்னாத அன்று: கோண்டாவிலும் மேடவாக்கமும்

போன மார்கழியில் ஒரே வாரத்தில் இரண்டு முயல்குட்டிகள் தீனியை விட்டன. ஒன்று சென்னை மேடவாக்கத்தில், நாங்கள் குடியிருக்கும் நான்காவது மாடி வீட்டில். மகள் சந்தையில் கெஞ்சி வாங்கிய சாம்பல் நிறக் குட்டி. மற்றது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், அக்கா வீட்டில். "தம்பி, நேற்றுப் பின்னேரத்திலயிருந்து குட்டி ஒண்டும் தின்னுதில்லையடா, மூலைக்குள்ள குறண்டிக்கொண்டு கிடக்குது" என்று அக்கா போனில் சொன்னபோது, எங்கள் குட்டியைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இரண்டு வீட்டிலும் முதலில் கைக்கு வந்தது பால்தான். இங்கே மாமியார் பரணில் இருந்த பாலாடையை இறக்கிக் கழுவி, ஆவின் பாலில் சர்க்கரை கலந்து புகட்டினார். மூன்று பேரப்பிள்ளைகளை அந்தப் பாலாடையில் வளர்த்த கை. அங்கே அக்கா பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டுத் தேக்கரண்டியில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அடுத்தது கைமருந்து. இங்கே கிரைப் வாட்டரும் உரைத்த வசம்பும். அங்கே மல்லித் தண்ணி. தடிமனோ காய்ச்சலோ, இலங்கை வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது மல்லித் தண்ணிதான். கைக்குழந்தைக்குச் செய்வதையே குட்டிக்கும் செய்கிறோம். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முயலின் வயிறு வேறு.

தாய்முயல் நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் கொழுப்பு 10 சதவீதத்துக்கும் மேல். பசும்பாலில் 4 சதவீதம் அளவு. மூன்றாவது வாரத்தில் குட்டி புல்லைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. பால் மறக்க மறக்க அமிலம் ஏறும். நாரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குடலில் குடியேறும். இந்த மாற்றம் நடக்கும் வாரங்களில்தான் கழிச்சலும், ஒட்டுண்ணியால் வரும் ரத்தக்கழிச்சலும் குட்டியைச் சாய்க்கின்றன. முயலால் வாந்தியெடுக்க முடியாது. தீனி போகாவிட்டால் குடல் அசைவு நின்று, வாயு சேர்ந்து, வலியில் பல்லை நறநறவென்று கடிக்கும். வலிப்பதாலேயே இன்னும் தின்னாது. அரை நாள் தின்னாத குட்டி ஆபத்தில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இதைப் புழுக்கையே சொல்லிவிடும். எங்கள் குட்டி வந்த அன்று மிளகு மிளகாக உருண்டையாகப் போட்டது. நான்காம் நாள் கடுகளவு ஆனது. ஐந்தாம் நாள் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. நாங்களும் பார்த்தோம், பார்த்துவிட்டுக் காகிதத்தை மாற்றினோம். காலையில் தின்னவில்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்றோம். சாயங்காலம், நாளைக்குப் பார்க்கலாம் என்றோம்.

சென்னையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று வெளியூர்களிலும் கல்லூரிகள் உண்டு. 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். முயல் பார்க்கும் தனியார் மருத்துவர் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடத்தில் இருந்தார். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதும் சொன்னார்: பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. பாலாடையைச் சாய்த்தபோது மூக்கில் நுரைத்து வந்ததை முந்தின நாள் நாங்கள் துண்டால் துடைத்துவிட்டிருந்தோம். மறுநாள் மதியம் குட்டி போய்விட்டது. மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். நாங்கள்தான் ஒரு நாள் பிந்திப் போனோம்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. இலங்கையின் கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் படித்து வருவது பேராதனையில். அங்கே போக ஏ9 வீதியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பிரதேசத்துக் கால்நடை வைத்தியர் பணிமனை உண்டு, ஆனால் அக்கா அழைத்த அன்று போயா என்னும் பௌர்ணமி விடுமுறை. அக்கா வீட்டு ஆடுகளைப் பார்க்கும் வைத்தியரின் கைபேசி எண் மட்டும் சமையலறைச் சுவரில் எழுதியிருந்தது. விடுமுறை என்றும் பாராமல் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். சென்னையில் எங்கள் மருத்துவருக்கு நாங்கள் டோக்கன் எண் 14. கோண்டாவிலில் வைத்தியருக்கு அந்த வீட்டு ஆடுகளின் பெயர்கூடத் தெரியும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே நான் கண்ட பெரிய வேறுபாடு இதுதான்.

அவர் வரும்வரை அக்கா செய்ததெல்லாம் எங்கள் மருத்துவர் எங்களுக்குக் காலம் கடந்து கற்றுத்தந்தது. முதலில் சூடு. காது சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டக்கூடாது. முயலின் உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும். அத்தான் பழைய சாரத்தைக் கிழித்து, வெந்நீர்ப் போத்தலில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். காது வெதுவெதுப்பான பிறகுதான் ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சு. குட்டியை மல்லாத்தாமல் நாலு காலில் நிற்கவைத்து, வாயின் ஓரத்தில், முன்பல்லுக்குப் பின்னால் அரை மில்லி. அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து மறுபடி அரை மில்லி. ஊறவைத்த முயல்தீவனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்ததே உணவு. பால் இல்லை, சீனி இல்லை. குட்டி வயிறு உப்பி இறுகியிருந்தால் இந்த ஊட்டலையும் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

புல் விஷயத்தில் கோண்டாவில் கொடுத்துவைத்தது. வேலியில் முள்முருக்கு, முற்றத்தில் முருங்கை, கிணற்றடியில் அறுகு. எங்களுக்கோ பிள்ளையார் கோயில் வாசலில் பூக்காரம்மா விற்கும் அருகம்புல் கட்டும், இணையத்தில் சொல்லிவைத்து இரண்டு நாள் கழித்து வரும் உலர்புல் பொட்டலமும்தான். ஆனால் மார்கழி இரு கரைக்கும் மழைக்காலம். ஈரப்புல்லை அப்படியே போட்டு, கூட்டுத் தரையையும் ஈரமாக விட்டால் கழிச்சல் நோய்க்கு அதுவே போதும். கோண்டாவிலில் இன்னொரு பயம், மருந்தடித்த தோட்டத்து வரம்புப் புல். இங்கே சவுண்டல் என்றும் அங்கே இப்பில் இப்பில் என்றும் ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற தழையில் நச்சு உண்டு, முயலுக்கு வேண்டாம்.

மீந்த மருந்துதான் இருபக்கமும் ஒரே ஆபத்து. 2022-இல் இலங்கையில் வந்த மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட அக்கா எந்த மருந்தையும் எறிவதில்லை. எங்கள் ஃப்ரிட்ஜிலும் மகளுக்கு வாங்கிய அமாக்சிசிலின் பாதிப் புட்டி இருந்தது. வாய்வழியே கொடுக்கும் அந்த மருந்து முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து, முயலையே கொன்றுவிடும். அக்கா புட்டியைக் கையில் எடுத்துவிட்டுத்தான் என்னை அழைத்திருந்தார்.

வைத்தியர் வந்துபோன மூன்றாம் நாள் காலை அக்கா ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கையில் ஆறேழு புழுக்கை, மிளகளவு.

சந்தையிலோ கடையிலோ குட்டி வாங்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். உள்ளங்கைக்குள் அடங்குகிறதே என்று வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆனதா, தானாகப் புல் தின்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். முயல் பார்க்கும் மருத்துவரின் எண்ணை அன்றே சுவரில் எழுதிவையுங்கள்.