கைமணமும் அளவும்

ஒரு கலையைச் சுவைத்தல் எளிது; சுவைத்ததன் காரணத்தை எடுத்துரைத்தல் அரிது. அரிதாக இருப்பதனாலேயே நம்மிற் பலர் அப்பணியை மேற்கொள்வதில்லை. கவிதையாயின் 'உள்ளத்தைத் தொட்டது' என்கிறோம். சமையலாயின் 'கைமணம்' என்கிறோம். இவை பாராட்டுகள் போலத் தோன்றினும், மேற்கொண்டு ஆராயவொட்டாமல் கதவடைக்கும் சொற்களே என்பது என் கருத்து. இதனை ஒரு சிறிய வீட்டுக் கலையைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். காப்பித்தூளின் மீது வெந்நீரைக் கையால் ஊற்றித் தாளில் வடித்தெடுப்பதே அக்கலை.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இன்று இளைஞர் பலர் இதனைத் தம் வீட்டு அடுக்களையிற் பயில்கின்றனர். கூம்பு வடிவ வடிகட்டி, வடிதாள், ஒடுங்கி நீண்ட மூக்குடைய கெண்டி, தராசு, கடிகாரம் ஆகியவை அவர்தம் கருவிகள். இவற்றைக் காணும் மூத்தோர், "காப்பி கலக்கத் தராசும் வேண்டுமோ?" என்று நகைக்கின்றனர். இளையோரோ, காப்பிக்கடைக் கோப்பியை வெறுங் கருகல் என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரையும் சீர்தூக்கிப் பார்த்தல் தகும்.

முதற்கண், இம்முறை செல்வர்தம் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, கோப்பையின் அடியில் தங்கும் கசடும் மிகையான கசப்பும் நீங்க வழி தேடினார். ஒரு பாத்திரத்தின் அடியில் துளைகளிட்டு, மகனுடைய பள்ளி ஏட்டிலிருந்த மை ஒற்றுத்தாளை அதனுள் வைத்து வடித்துப் பார்த்தார். 1908ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பதிவும் பெற்றார். நம் தோட்டப்புற வீடுகளில் துணிப்பையில் தூளிட்டு வெந்நீர் ஊற்றி வடித்தோமே, அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆதலின் இதனை அயல் நாகரிகம் என்று தள்ளுதல் பொருந்தாது.

இனி அளவின் பயனைக் காண்போம். 15 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 240 கிராம் நீர் என்பது பலரும் கொள்ளும் விகிதம். முதலில் 30 அல்லது 40 கிராம் நீரை மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுத்தல் வேண்டும். புதிதாக வறுத்த கொட்டையினுள் தங்கிய கரியமிலவாயு அப்பொழுது நுரைத்து வெளியேறும். அது வெளியேறாவிடில் தூள் சீராக நனையாது. பின்னர் எஞ்சிய நீரைச் சிறுகச் சிறுக ஊற்றினால், ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் வடிந்து முடியும். தூள் மிக நுண்ணியதாயின் நீர் தயங்கி இறங்கும், கசப்பு மிகும். பருமனாயின் நீர் விரைந்தோடும். காப்பி புளித்து நீர்த்துப் போகும். தாள் எண்ணெய்ப் பசையைத் தடுத்துவிடுவதால் கிடைக்கும் சாறு தெளிவாக இருக்கும். இவ்வாறு, நேர்ந்த குற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டலாம். காரணம் காட்ட இயலும் கலையே பிறருக்குக் கற்பிக்கத் தக்க கலை.

2016இல் காப்பி வடிப்போருக்கான உலகப் போட்டியில் வாகை சூடிய ஜப்பானியர் தெட்சு கசுயாவின் முறை இதற்கு நல்ல சான்று. 20 கிராம் தூளுக்கு 300 கிராம் நீரை அவர் ஐந்து பகுதிகளாக ஊற்றுகிறார். முதல் நாற்பது விழுக்காட்டு நீரைப் பகுக்கும் விதம் இனிப்பையும் புளிப்பையும் தீர்மானிக்கும். எஞ்சிய அறுபது விழுக்காட்டைப் பகுக்கும் விதம் செறிவைத் தீர்மானிக்கும் என்பது அவர் கொள்கை. இங்கு அளவு கைகளைக் கட்டிப்போடவில்லை. எதனை மாற்றினால் எது மாறும் என்று வழிகாட்டுகிறது. யாப்பு கவிஞனுக்குச் செய்வதும் இதுவே.

எனினும், தளை தட்டாத செய்யுளெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை. இளையோரின் குறை இங்கேதான் தொடங்குகிறது. எண் சரியாக வந்தால் சுவையும் சரியென்று அவர்கள் நம்பிவிடுகின்றனர். இளவறுப்புக் கொட்டைக்கு ஏற்ற கொதிநீர், கருவறுப்புக் கொட்டையிற் கசப்பையே மிகுதியாக இழுக்கும். நாவைக் கேளாமல் தராசை மட்டும் கேட்பவர் இதனை உணரார். காப்பிக்கடைக் கோப்பியை அவர்கள் இகழ்வதும் முறையன்று. சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கப்படும் அக்கொட்டை, கெட்டிப் பாலின் இனிப்பை எதிர்த்து நிற்க வல்லது. அதனிடம் மலர் மணத்தைத் தேடுவது, சிந்துப் பாடலில் வெண்பா இலக்கணம் தேடுவதை ஒக்கும்.

மூத்தோரின் குறை இதனினும் பெரிது. காப்பிக்கடைக்காரர் தராசின்றி வடிக்கிறார் என்பர். அவர் கையிலுள்ள கரண்டி, பையின் ஆழம், கெண்டியை உயர்த்தும் உயரம் ஆகியவை நாள்தோறும் மாறுவதில்லையே! அவையே அவருடைய அளவுகள். எழுதப்படாத அளவை அளவே அன்று என்பது பிழை.

இதனை நான் காலங்கடந்தே உணர்ந்தேன். என் தாயார் துணியில் வடித்துத் தரும் காப்பியை உற்றார் அனைவரும் புகழ்வர். நானும் 'கைமணம்' என்று கூறிக் குடித்துவிட்டு எழுந்து போவேன். அவர் மறைந்த பின்னர், அதே கடைத் தூளை அதே குவளையில் வடித்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் முயன்றும் அச்சுவை கைகூடவில்லை. எத்தனை கரண்டி இட்டார், கொதித்த நீரை எவ்வளவு நேரம் ஆறவிட்டார், முதலிற் சிறிது ஊற்றி நிறுத்தினாரா என்பவற்றை நான் ஒருநாளும் நோக்கவில்லை, கேட்கவுமில்லை. அவரிடம் அளவு இருந்தது. அதனை அறியும் விருப்பம் எனக்கு இல்லை. நான் வழங்கிய புகழ்ச்சி, என் சோம்பலுக்குப் போர்வையாயிற்று.

நம் எழுத்துலகிலும் இதுவே நடைபெறுகிறது. ஒரு சிறுகதையை 'அருமை' என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிடுகிறோம். அது எவ்வாறு அருமையாயிற்று, எந்த இடத்தில் ஆசிரியர் நிறுத்தினார், எதனைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பதில்லை. அவர் மறைந்தபின் அவர் பெயர் எஞ்சும். அவர் கண்டறிந்த திறம் அடுத்த தலைமுறையின் கைக்கு வாராது. அளவு கலையாகாது, ஆயினும், அளவைக் கேட்டறிதல் கலைஞர்க்கு நாம் செய்யும் மரியாதை. கோப்பையை நீட்டியவர் எதிரில் இருக்கும்போதே அதனைக் கேட்டுவிட வேண்டும்.