டிசம்பர் 11: ஒரு தேதியை ரசிப்பது எப்படி?

தினசரி காலண்டரின் தாளைக் கிழிக்கும்போது ராகு காலம், நல்ல நேரம் பார்த்த கண் அப்படியே கீழே இறங்கும். 'பாரதியார் பிறந்த நாள்' என்ற பொடி எழுத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு நகரும். நாளிதழ்களின் 'வரலாற்றில் இன்று' பெட்டிக்கும், பள்ளிக்கூடக் காலை வணக்கத்தில் ஒரு மாணவி மூச்சுவிடாமல் வாசிக்கும் 'இன்றைய சிறப்பு'க்கும் கிடைக்கிற கவனம் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னார் பிறந்தார், இன்னது நடந்தது, இன்னார் மறைந்தார். அதற்குள் மணி அடித்துவிடும்.

வரிசையாக வாசித்தால் அதில் சுவை இல்லை என்பது உண்மைதான். பட்டியலில் உள்ள இரண்டு வரிகளை எடுத்து அருகருகே வைத்து, நடுவே ஏதாவது ஓடுகிறதா என்று தோண்டிப் பார்க்கும்போதுதான் ருசி தட்டும். பெரும்பாலும் ஒன்றும் ஓடாது. எப்போதாவது ஓடும். டிசம்பர் 11 அப்படி ஓடுகிற தேதிகளில் ஒன்று.

முதலில் வியப்பைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. அதை 365-ஆல் வகுத்தால் எந்தத் தேதிக்கும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் தேறுவார்கள். 'என் பிறந்தநாளில்தான் அந்த நடிகரும் பிறந்தார்' என்பதில் நடிகருக்கும் பெருமை இல்லை, சொல்பவருக்கும் இல்லை. 23 பேர் கூடிய ஓர் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். குறிப்பாக உங்கள் பிறந்தநாளிலேயே இன்னொருவர் பிறந்திருக்க வேண்டும் என்றால்தான் வாய்ப்பு பாதியைத் தொட 253 பேர் தேவைப்படும். ஆகவே வெறும் தேதிப் பொருத்தத்துக்கு மதிப்பெண் கிடையாது. தேதியும் ஆண்டும் சேர்ந்தே பொருந்தினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். அதே திங்கட்கிழமை, அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கிற பிரெஸ்லாவ் நகரில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். குவாண்டம் இயற்பியலுக்குள் நிகழ்தகவை உட்கார வைத்தவர் அவர். ஓர் எலெக்ட்ரான் இங்கே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, இங்கே இருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு என்று மட்டுமே சொல்ல முடியும் என்றார். கடவுள் பகடை ஆடுவதாகத் தன்னால் நம்ப முடியவில்லை என்று ஐன்ஸ்டைன் எழுதிய புகழ்பெற்ற கடிதம் இவருக்கு வந்ததுதான்.

பாரதிக்கும் போர்னுக்கும் தொடர்பு உண்டா? நேரடியாக இல்லை. இங்கே அவசரப்பட்டு, இருவருமே புரட்சியாளர்கள், ஒருவர் கவிதையில், மற்றவர் இயற்பியலில் என்று முடிச்சுப் போட்டுவிட்டால் ரசனை கெட்டது. மேடைப் பேச்சுக்கு வேண்டுமானால் அது உதவும். பொறுமையாகத் தேடினால் வேறொரு நூல் அகப்படும். யூதர் என்பதால் 1933-இல் நாஜிகளின் சட்டம் போர்னை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. அவர் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே நிரந்தர வேலை அமையவில்லை. அப்போது, திருச்சியில் பிறந்து நோபல் பரிசும் பெற்றுவிட்ட சி.வி. ராமன், தாம் இயக்குநராக இருந்த பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு அவரை அழைத்தார். 1935-36 குளிர்காலத்தை ஒட்டி ஏறக்குறைய ஆறு மாதம் போர்ன் பெங்களூரில் இருந்தார். அவரை அங்கேயே நிலையாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றார்; நிறுவனத்துக்குள் எழுந்த எதிர்ப்பில் அது நிறைவேறவில்லை. போர்ன் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார். எட்டயபுரத்துக்காரர் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அவரோடு ஒரே நாளில் பிறந்தவர் தென்னிந்தியாவில் குடியிருந்தார் என்பதுதான் கையில் கிடைக்கும் செய்தி. இதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை, இதுவே போதும்.

போர்னுக்கு 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வழங்கும் நாள் எப்போதும் டிசம்பர் 10, அது ஆல்பிரட் நோபல் இறந்த நாள். மறுநாள், தம் 72-ஆம் பிறந்தநாளில், போர்ன் தம் நோபல் உரையை நிகழ்த்தினார். உரையின் பொருள்: குவாண்டம் இயக்கவியலுக்கான புள்ளியியல் விளக்கம். தற்செயலைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான நாள் அமைந்திருக்காது.

இந்த 10, 11 அடுத்தடுத்து வருவதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் (1843), எகிப்திய நாவலாசிரியர் நகிப் மஹ்ஃபூஸ் (1911), ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் (1918) மூவருமே டிசம்பர் 11-இல் பிறந்து நோபல் பெற்றவர்கள். சோல்செனிட்சினுக்கு 1970-இல் பரிசு அறிவிக்கப்பட்டது. போனால் நாட்டுக்குள் திரும்ப விடமாட்டார்கள் என்ற அச்சத்தில் அவர் ஸ்டாக்ஹோம் போகவில்லை. 1974-இல் சோவியத் அரசே அவரை நாடு கடத்தியது. அந்த டிசம்பர் 10 அன்று பரிசை நேரில் வாங்கிக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது வயது 56. தேதியை ரசிக்கிறவர் முன்நாளையும் பின்நாளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. சுவையான விஷயங்கள் பல நேரம் பக்கத்துத் தாளில் இருக்கும்.

கோக்கின் பிறந்தநாளை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. காசநோய்க் கிருமியை அவர் அறிவித்த மார்ச் 24-தான் உலகக் காசநோய் நாள். அந்த அறிவிப்பு வெளிவந்த ஆண்டும் 1882.

பிறந்தநாள்களை விட நிகழ்ச்சிகளில்தான் உண்மையான வேட்டை. டிசம்பர் 11-இன் மிகச் சிறந்த இணை 1931-உம் 1936-உம்.

1931 டிசம்பர் 11 அன்று பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கனடா, தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து போன்ற, பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன் நாடுகள் இனி தங்கள் சட்டத்தைத் தாங்களே செய்துகொள்ளலாம். அரசுரிமை பற்றிய சட்டத்தை மாற்றுவதானால் அவர்களுடைய ஒப்புதலும் வேண்டும் என்றது அது. வக்கீல்களைத் தவிர மற்றவர்களுக்குக் கொட்டாவி வரவழைக்கும் சங்கதி. 'வரலாற்றில் இன்று' பெட்டியில் இதற்கு இடம் கிடைத்தாலும் கண் தாண்டிப் போய்விடும். (அதே 1931 டிசம்பர் 11-இல் மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில், பின்னாளில் ஆன்மிக குருவான ரஜனீஷ் பிறந்தார். அதைச் சொன்னால் எல்லோரும் நிமிர்வார்கள்.)

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது. மணமுறிவு பெற்ற அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக எட்டாம் எட்வர்ட் அரியணையைத் துறக்க முடிவு செய்தார். 1936 டிசம்பர் 10 அன்று கையெழுத்திட்டார். 11-ஆம் தேதி பிற்பகலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அவரே ஒப்புதல் தந்தார். தம்பி ஆல்பர்ட் ஆறாம் ஜார்ஜ் ஆனார். அன்றிரவு விண்ட்சர் கோட்டையிலிருந்து எட்வர்டின் குரல் வானொலியில் ஒலித்தது. காதலுக்காக முடியைத் துறந்த மன்னர் என்று சினிமாக்காரர்கள் இன்றுவரை விடாத கதை இதுதான்.

ஆனால் ரசிகர் பார்க்க வேண்டியது வேறு. 1931 சட்டத்தின்படி டொமினியன்கள் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்துகொண்டன. எட்வர்ட் கையெழுத்திட்ட நாளே பதவி விலகிய நாள் என்று தென்னாப்பிரிக்கா சட்டம் செய்துகொண்டது. அங்கே டிசம்பர் 10. பிரிட்டனிலும் கனடாவிலும் 11. அயர்லாந்து தனிச் சட்டம் போட்டதால் அங்கே 12. ஒரே மன்னரின் ஆட்சி வெவ்வேறு நாடுகளில் மூன்று தேதிகளில் முடிந்தது! அந்த ஒரு நாள் இடைவெளியில் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர்; டப்ளினில் சட்டப்படி இன்னும் எட்டாம் எட்வர்ட். கொட்டாவி வரவழைத்த அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கூத்து நடந்திருக்காது. இரண்டு டிசம்பர் 11-களும் காரணமும் விளைவுமாகக் கோத்துக்கொள்ளும் இடம் இது. இப்படி ஓர் இணை அகப்பட்டால் அந்தத் தேதி லாபம்.

எட்வர்ட் இந்தியாவின் பேரரசரும்கூட. முடிசூட்டு விழா நடக்காமலே, ஓராண்டும் நிறையாமல் போனதால், அவர் உருவம் பொறித்த நாணயம் இந்தியாவில் புழக்கத்துக்கே வரவில்லை. அவர் விலகி இன்னும் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைவர். முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வரவில்லை. டிசம்பர் 11 அன்று ராஜேந்திர பிரசாத்தை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில் ஐ.நா. பொதுச்சபை, போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்காக யுனிசெஃப் அமைப்பை உருவாக்கியது. 1931, 1936, 1946 என்ற மூன்று டிசம்பர் 11-களை மட்டும் வரிசையாக வைத்துப் படித்தாலே ஒரு சாம்ராஜ்யம் படிப்படியாகக் கலைவது தெரியும். பாடப்புத்தகம் இதை மூன்று வெவ்வேறு அத்தியாயங்களில் ஒளித்து வைத்திருக்கும்.

1941 டிசம்பர் 11-இல் ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்ததை எல்லாப் பட்டியல்களும் சொல்லும். திலீப்குமார், பிரணாப் முகர்ஜி பிறந்தநாள்களும் அப்படியே. அவற்றை விட்டுவிடலாம்.

அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, யாருடைய கடிகாரம்? 1972 டிசம்பர் 11 அன்று அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது. யூஜீன் செர்னானும் நிலவில் கால் வைத்த முதல் நிலவியலாளரான ஹாரிசன் ஷ்மிட்டும் இறங்கினார்கள். அதன் பிறகு மனிதர் யாரும் அங்கே இறங்கவில்லை. அமெரிக்காவில் அது பிற்பகல். இந்தியாவில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. தேதி 12 ஆகிவிட்டது. 2012-இல் சித்தார் மேதை ரவிசங்கர் கலிஃபோர்னியாவில் மறைந்தது டிசம்பர் 11 மாலை நான்கரை மணிக்கு. அவர் பிறந்த காசியில் அப்போது 12-ஆம் தேதி காலை ஆறு. எம்.எஸ். சுப்புலட்சுமி 2004 டிசம்பர் 11, சனிக்கிழமை இரவு, சென்னையில் இசை விழாக் காலத்தில் மறைந்தார். இசைக்காக பாரத ரத்னா பெற்ற முதலாமவர் எம்.எஸ். (1998), அடுத்த ஆண்டே ரவிசங்கருக்கும் அது கிடைத்தது. இருவரையும் ஒரே நாளில் நினைவுகூரும் வழக்கத்தில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் ஒருவருக்குச் சென்னைக் கடிகாரம், மற்றவருக்குக் கலிஃபோர்னியாக் கடிகாரம் என்பது தெரிந்திருந்தால் நல்லது.

பாரதிக்கே இந்தச் சிக்கல் உண்டு. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பிறகு, சுமார் ஒன்றரை மணிக்கு. ஆங்கிலக் கணக்கில் அது 12. சென்னை மாநகராட்சிப் பதிவும் அப்படியே. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் வழக்கத்தில் அது இன்னும் 11-ஆம் தேதி இரவு. தமிழக அரசு 'மகாகவி நாள்' என்று கடைப்பிடிப்பது செப்டம்பர் 11-ஐ. எது சரி என்று சண்டை போடுவதை விட, இரண்டு கணக்குகளும் எப்படி வந்தன என்று அறிவதுதான் சுவை.

டிசம்பர் 11 என்பதே அவர் பிறந்த காலத்து ஜாதகக் கட்டத்தில் இருந்திருக்காது. சித்திரபானு வருடம், கார்த்திகை 27, மூல நட்சத்திரம் என்பதுதான் அவருடைய பிறப்புக் குறிப்பு. மாதமும் நட்சத்திரமும் நினைவில் நின்றால் போதும் என்பது இந்த மண்ணின் வழக்கம். தஞ்சையில் ராஜராஜ சோழனுக்கு இன்றும் ஐப்பசி சதயத்தில்தான் விழா; நாயன்மார்களின் குருபூசையும் நட்சத்திரப்படியே. ஆங்கிலத் தேதியில் இவை ஆண்டுதோறும் இடம் மாறும். ஆகவே பழைய ஆட்கள் எவருக்காவது துல்லியமான ஆங்கிலப் பிறந்த தேதி கொடுக்கப்பட்டிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சந்தேகத்தோடு பார்ப்பது நல்ல பழக்கம். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது ஒத்துவரட்டும் என்று தலைமையாசிரியர் எழுதிய தேதியிலேயே ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள்.

நல்ல கண்ணுக்கு, பொருந்தாமல் போன இணையும் பொருந்திய இணை அளவுக்கே சுவை தரும். 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தார் விஸ்வநாதன் ஆனந்த், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், ஆனந்தின் வழிகாட்டலில் வளர்ந்த சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரனை எதிர்த்து ஆடினார். 13-ஆம் ஆட்டம் டிசம்பர் 11-இல், ஆனந்தின் 55-ஆம் பிறந்தநாளில். அன்றே பட்டத்துக்கு வழி திறந்திருந்தால் தலைப்பு எழுதக் காத்திருந்தவர்களுக்குத் தீபாவளி. ஆட்டம் டிரா. இருவருக்கும் ஆறரை புள்ளிகள். குகேஷ் வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனது மறுநாள், டிசம்பர் 12 அன்று. அந்தத் தேதியில் 1911 டெல்லி தர்பார் இருக்கிறது, தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் அறிவிப்பு இருக்கிறது, 1950-இல் பிறந்த ரஜினிகாந்த் இருக்கிறார். இந்தத் தேதி ஆட்டத்தை ஆடிப் பார்க்க விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.